கையால் கட்டிய சிறிய வால்வு கிற்றார் அம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தது, பழைய இசைக்குழு ஒன்றில் மிஞ்சியது, யாரோ ரேடியோச் சாமான்களை வைத்துக் கட்டியது என்று 3 முதல் 10 வாட் வரையான வால்வு அம்ப்கள் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிற்றார்ச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகள்) மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அங்கொன்று இங்கொன்றாய்க் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கேட்டபடியே கீழே தந்திருக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சின்னப் பெட்டிக்குள் 250 முதல் 400 வோல்ட் வரை டிசி ஓடுகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கி நிற்கும். மல்டிமீற்றரைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர் இதை வாசித்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

5 வாட்டில என்ன சத்தம் வரப்போகுது? இது விளையாட்டுச் சாமான்தானே?

வாட் பத்து மடங்கானால்தான் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரியும். 50 வாட் அம்பின் பாதிச் சத்தம் 5 வாட்டிலேயே கிடைத்துவிடும். ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 95 டெசிபெல் தரும் ஸ்பீக்கரைப் பூட்டினால், 5 வாட்டில் அது 102 டெசிபெல் பக்கம் போகும். புளியந்தீவில் மதில் ஒட்டிய வீடுகளில் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். வயலினும் கிற்றாரும் சேர்ந்து கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை வாசிக்கும் பறங்கியர் வீட்டு விருந்துக்கு இது தாராளம். முழு டிரம்ஸ் செற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் அடங்கிப்போகும்.

உள்ளே இருப்பது கொஞ்சமே. முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு, பின்னால் ஒரு 6வி6 அல்லது இஎல்84, கரண்டை டிசியாக்கும் ரெக்டிபையராக ஒரு 5வை3 அல்லது ஈஸெட்81, இரண்டு டிரான்ஸ்போமர், ஒரு ஸ்பீக்கர். 1950களின் பிற்பகுதியில் வந்த பெண்டர் சாம்ப் 5எப்1 இந்த வகைக்கு முன்மாதிரி. கையால் கட்டிய சிறிய அம்ப்களில் பல அதன் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருக்கும். அதனால் கீழே எண்கள் தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டோம்.

இது கையால கட்டினதா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?

பின் பலகையைக் கழற்றிப் பாருங்கள். உறுப்புகள் ஒரு நார்ப் பலகையின் கண்களிலோ, பித்தளை முளைகளிலோ, வரிசையான தகட்டுக் காதுகளிலோ ஈயம் வைத்து நிற்கும். இடையில் வயர்கள் ஓடும். பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் செப்புக் கோடு அச்சடித்த பலகை இருந்தால் அது தொழிற்சாலை வேலை. அதற்கும் இங்கே சொல்பவை பொருந்தும், ஆனால் ஈயம் எடுக்கும்போது செப்புக் கோடு கழன்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா வீட்டுப் பரண்ல 20 வருசமாக் கிடந்தது. பிளக்கைக் குத்திப் பார்க்கலாமா?

வேண்டாம். இந்தப் பழைய அம்ப்கள் சாவது பெரும்பாலும் ஆசையோடு குத்திப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான். கரண்டைச் சமப்படுத்தும் பெரிய எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிட்டர்களுக்குள் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டு. ஆண்டுக்கணக்காகக் கரண்ட் படாவிட்டால் அது கரைந்துபோகும். முழு வோல்ட் ஒரேயடியாக ஏறும்போது கப்பாசிட்டர் குறுக்குத் தொடுப்பாகி (ஷோர்ட்), ரெக்டிபையர் வால்வையும் பவர் டிரான்ஸ்போமரையும் சேர்த்துக் கொண்டுபோகும். வால்வு வாங்கலாம், கப்பாசிட்டர் வாங்கலாம். அந்த அம்புக்கென்று சுற்றிய டிரான்ஸ்போமரைத் திரும்ப வாங்க முடியாது.

முதலில் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள். எரிந்த வார்னிஷ் மணம், டிரான்ஸ்போமரில் வடிந்த கறுப்பு மெழுகு, வீங்கிய கப்பாசிட்டர், இறுகி வெடித்த ரப்பர் வயர் ஆகியவற்றைத் தேடுங்கள். பல்லி முட்டையும் செத்த பல்லியும் சொக்கெட்டுகளுக்கிடையில் கிடப்பது இங்கே சாதாரணம். பெட்டியின் மூட்டுகளைத் தட்டிப் பார்த்து, கறையான் மண் உதிர்ந்தால் சேசியை (உறுப்புகள் பூட்டிய உலோகத் தட்டை) வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளித்தாளோ செம்புக் கம்பியோ இருந்தால் அந்த அம்புக்கு ஏற்கெனவே ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளுக்குக் கை வைக்க முன்னம் என்ன செய்யிற?

பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் தடித்த உறை போட்ட வயரும் முதலைக் கிளிப்பும் பூட்டி வைத்திருங்கள். ஒரு கிளிப்பைச் சேசியில் மாட்டி, மற்றதை ஒவ்வொரு பெரிய கப்பாசிட்டரின் நேர் முனையிலும் 10 செக்கன் பிடியுங்கள். பிறகு மீற்றரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கை வைக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுப் பொறி பறக்க விடுவது கப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

அம்ப் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேசியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையைப் பிடியுங்கள். மற்றக் கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும். காலில் ரப்பர்ச் செருப்பு வேண்டும், ஈரச் சீமெந்துத் தரை வேண்டாம்.

பல்ப் பெட்டி, பல்ப் பெட்டி எண்டு சொல்லுறாங்க. எப்படிக் கட்டுற?

ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு சொக்கெட், ஒரு பிளக் போதும். பிளக்கிலிருந்து வரும் லைவ் வயரை பல்ப்புக்குள்ளால் கொண்டுபோய்ச் சொக்கெட்டுக்குக் கொடுங்கள். நியூட்ரலும் ஏர்த்தும் நேரே போகட்டும். பல்ப் இழை பல்ப்பாகவே இருக்க வேண்டும், 40 அல்லது 60 வாட். எல்ஈடி பல்ப் இந்த வேலைக்கு உதவாது. அம்பில் குறுக்குத் தொடுப்பு இருந்தால் பல்ப் முழுதாக எரிந்து கரண்டைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், டிரான்ஸ்போமர் தப்பும்.

முதல் சுற்றில் எல்லா வால்வையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் பவர் டிரான்ஸ்போமர் உயிரோடு இருக்கிறது. எரிந்தபடியே நின்றால் அதன் சுற்றுகள் சேர்ந்துவிட்டன அல்லது அதோடு தொடுத்த வயர் எங்கோ சேசியில் படுகிறது. இரண்டாம் சுற்றில் ரெக்டிபையர் தவிர மற்ற வால்வுகளைப் பூட்டி, கண்ணாடிக்குள் இழை சிவக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஸ்பீக்கரைத் தொடுத்துவிட்டு ரெக்டிபையரைப் பூட்டுங்கள். 5 வாட் அம்ப் மொத்தமே 40, 50 வாட்தான் இழுக்கும் என்பதால் பல்ப்பில் மங்கலான சிவப்பு நிற்பது சரியே. ரெக்டிபையருக்குப் பதில் டயோட் உள்ள அம்ப் என்றால் மூன்றாம் சுற்றுக்கு முன்பே எச்டி வழி (வால்வுகளுக்கு உயர் வோல்ட் டிசி போகும் வழி) உயிர் பெற்றுவிடும்; அதில் கப்பாசிட்டர்களை மாற்றிய பிறகே இதைச் செய்யுங்கள். பல்ப் பெட்டியோடு இருக்கும்போது வோல்ட் குறைவாகக் காட்டும், ஆகவே பயஸ் (வால்வில் ஓடும் கரண்டின் அளவு) கணக்கெல்லாம் பெட்டியைக் கழற்றிய பிறகு.

கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு மைக்கில உதடு பட்டால் சுள்ளெண்டு அடிக்குது. கிற்றாரிலயா பிழை?

கிற்றாரில் இல்லை. அம்பின் சேசி ஏர்த் ஆகவில்லை. பழைய அம்ப்களில் இரண்டு வயர்தான் வரும். ஹம்மைக் குறைக்க என்று மெயின்ஸின் ஒரு வயருக்கும் சேசிக்கும் இடையில் 0.05 மைக்ரோபரட் அளவில் ஒரு கப்பாசிட்டரும் வைத்திருப்பார்கள். அது கசிந்தால் உங்கள் கிற்றார்க் கம்பியில் மெயின்ஸ் நிற்கும். அதை வெட்டி எறியுங்கள், அதன் இடத்தில் வேறெதுவும் வைக்க வேண்டாம்.

பிறகு மூன்று வயர்க் கேபிள் போடுங்கள். லைவ் முதலில் பியூஸ், பிறகு சுவிட்ச், பிறகு டிரான்ஸ்போமர். நியூட்ரல் நேரே டிரான்ஸ்போமருக்கு. ஏர்த்துக்குச் சேசியில் தனி போல்ட்டும் பல்வொஷரும் வேண்டும், டிரான்ஸ்போமரின் ஆணியைக் கடன் வாங்கக்கூடாது. கேபிளை யாராவது இழுத்தால் கடைசியாகக் கழன்று வருவது ஏர்த்தாக இருக்கும்படி அந்த வயரை மட்டும் நீளமாக விடுங்கள். 230 வோல்ட்டில் 5 வாட் அம்புக்கு 500 மில்லிஅம்பியர் மெதுவாக எரியும் பியூஸ் போதும்.

இவ்வளவும் செய்த பிறகு வீட்டு ஏர்த்தையும் பாருங்கள். பழைய 5 அம்பியர் உருண்டைப் பின் சொக்கெட்டுகளில் மூன்றாவது துளை வெறும் அழகுக்கு இருக்கும் வீடுகள் உண்டு. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். கடற்கரை மணலில் அடித்த ஏர்த் கம்பி வெயில் காலத்தில் சரியாகப் பிடிக்காது. அதை எலெக்ட்ரீசியன் அளந்து சொல்லட்டும்.

மாமா அமெரிக்காவில இருந்து கொண்டுவந்த 117 வோல்ட் அம்ப். ஸ்டெப் டவுன் போட்டால் காணும்தானே?

பவர் டிரான்ஸ்போமர் உள்ள அம்ப் என்றால் 100 விஏ ஸ்டெப் டவுன் காணும். அது 60 ஹேட்ஸுக்குச் சுற்றியது, நம்முடையது 50 ஹேட்ஸ். டிரான்ஸ்போமர் கொஞ்சம் கூடச் சூடாகும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அணைத்த பிறகு, அதில் கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நீண்ட நேரம் வாசிக்க வேண்டாம்.

உள்ளே 50சி5, 35டபிள்யூ4 போன்ற வால்வுகள் இருந்து பவர் டிரான்ஸ்போமரே இல்லாவிட்டால் கதை வேறு. அதில் சேசி மெயின்ஸோடு நேரே தொடுத்திருக்கும். சாதாரண ஸ்டெப் டவுன்களில் பல ஒரே சுற்று உள்ளவை; வோல்ட்டைக் குறைக்கும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது. அப்படியான அம்புக்கு உள்ளும் புறமும் தனித்தனிச் சுற்றுள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்போமரைப் பூட்டி, சேசியை ஏர்த் பண்ணிய பிறகுதான் கிற்றாரைச் சொருக வேண்டும். அதுவரை அலுமாரியில் இருக்கட்டும்.

வாப்பாட பழைய ரேடியோவில வால்வு இருக்கு. அதைக் கழற்றி இதுக்குப் போடலாமா?

ஐரோப்பிய வால்வுகளின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஈ என்றால் இழைக்கு 6.3 வோல்ட். இஎல்84, ஈசிஎல்82, ஈசிசி83, ஈஸெட்80 எல்லாம் அந்தக் குடும்பம், ஈசிசி83தான் 12ஏஎக்ஸ்7. யூ என்றால் 100 மில்லிஅம்பியர் தொடர் இழை, பீ என்றால் 300 மில்லிஅம்பியர் தொடர் இழை. பீசிஎல்82 உள்ளுக்கு ஈசிஎல்82 போலவே, ஆனால் இழைக்கு 16 வோல்ட் கேட்கும். பின்கள் பொருந்துகின்றன என்று பூட்டினால் வேலை செய்யாது. யூ வால்வுகள் உள்ள ரேடியோவின் சேசியிலும் மேலே சொன்ன மெயின்ஸ் ஆபத்து உண்டு.

இஎல்84 ரேடியோவின் ஔட்புட் டிரான்ஸ்போமரும் உதவும். இரும்பு சிறிது என்பதால் தடித்த கம்பிகளின் அடித்தொனி மெலியும், அது சிலருக்குப் பிடிக்கும். ஆனால் பாடுகிற ரேடியோவை உடைக்காதீர்கள். டயல் கயிறு அறுந்து, பெட்டி உக்கிப்போனதையே உறுப்புகளுக்கு எடுங்கள்.

எந்தக் கப்பாசிட்டரை மாத்துற, எதை விடுற?

எலெக்ட்ரோலிற்றிக் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மெல்ல மெல்ல வோல்ட் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்று சொல்வார்கள். இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் 20, 30 ஆண்டு கிடந்ததை அப்படி நம்பி விடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சாம்ப் வகையில் எச்டி வழியில் 16, 8, 8 மைக்ரோபரட், இடையில் 10 கிலோஓமும் 22 கிலோஓமும் இருக்கும். 16க்கு 22, 8க்கு 10 போடலாம். முதல் கப்பாசிட்டரை 47, 100 என்று கூட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதை நிரப்பும் கரண்ட் 5வை3இன் உயிரை எடுக்கும்.

வோல்ட் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். டிரான்ஸ்போமரின் 325 வோல்ட் சுற்றின் உச்சம் 460 வோல்ட். 5வை3 சில செக்கன்களில் சூடாகிவிடும், 6வி6 அதற்குப் பிறகுதான் கரண்ட் இழுக்கத் தொடங்கும். அந்த இடைவெளியில் கப்பாசிட்டர் அந்த உச்சத்தைக் கிட்டத்தட்ட முழுதாகத் தாங்க வேண்டும். எனவே 500 வோல்ட் வாங்குங்கள். கழித்த சிஎப்எல் பல்ப்பிலிருந்து எடுத்த 400 வோல்ட் சாமான் இதற்கு ஆகாது. 6வி6இன் கதோட்டில் (கரண்ட் சேசிக்குத் திரும்பும் முனை) நிற்கும் 25 மைக்ரோபரட் 25 வோல்ட்டையும் மாற்றுங்கள், 50 வோல்ட் போட்டால் இன்னும் நல்லது.

தொனிக்கு வரும் 0.02 மைக்ரோபரட் கப்பாசிட்டர்களைக் கண்மூடி மாற்றத் தேவையில்லை. அம்பை ஓடவிட்டு 6வி6 என்றால் பின் 5இல், இஎல்84 என்றால் பின் 2இல் டிசி அளந்து பாருங்கள். பூச்சியம் இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் நேர் (+) வோல்ட் காட்டினால் வால்வைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளக்கவும். அப்போதும் நின்றால் கப்பாசிட்டர் கசிகிறது, 0.022 மைக்ரோபரட் 630 வோல்ட் பிலிம் போடுங்கள். வால்வைக் கழற்றியதும் மறைந்தால் குற்றம் வால்வில். மெழுகு பூசிய கடதாசிக் கப்பாசிட்டர் மட்டும் விதிவிலக்கு. நம் ஊர் ஈரத்தில் அது கசியாமல் இருந்ததில்லை, பார்த்தவுடன் மாற்றலாம்.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகள் வரிசையாக உண்டு. போகிறவரிடம் எண், வோல்ட், உயரம், விட்டம் எல்லாம் எழுதிக் கொடுத்து விடுங்கள்.

ஹம் ஹம் எண்டு இரையுது. எங்க இருந்து வருது?

வொல்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் மாறாமல் நின்றால் பிழை வொல்யூமுக்குப் பின்னால், கூடிக் குறைந்தால் முன்னால். கிற்றாரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் அம்பில் ஒன்றும் இல்லை, கேபிளையும் ஜக்கையும் பாருங்கள்.

மாறாத இரைச்சலில் இரண்டு வகை. கரகரப்பான 100 ஹேட்ஸ் என்றால் எச்டிக் கப்பாசிட்டர். மெதுவான, ஆழமான 50 ஹேட்ஸ் என்றால் இழை வயர். இழைச் சுற்றுக்கு நடு முனை இல்லாவிட்டால் இரு பக்கத்திலிருந்தும் 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைச் சேசிக்குக் கொடுங்கள். இழை வயர்களை இறுக்கமாக முறுக்கி, சேசியின் மூலையை ஒட்டி, கிரிட் (கிற்றார்ச் சைகை வால்வுக்குள் நுழையும் முனை) வயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நின்றபாடில்லை என்றால் ஏர்த் புள்ளியில் பழைய ஈயம் விட்டுப்போயிருக்கும். சேசியில் ஈயம் வைக்க 60 வாட் அயனாவது வேண்டும். அசிட் தடவி ஈயம் வைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள், ஒரே வருடத்தில் பச்சை பூத்துவிடும்.

டெஸ்டர் இல்லாமல் வால்வு நல்லதா கெட்டதா எண்டு பார்க்க ஏலுமா?

ஓரளவுக்கு ஏலும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு வெளுத்துப் பால் நிறமாகியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, குப்பைக்குத்தான். இழைப் பின்களில் ஓம் அளந்து தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். 12ஏஎக்ஸ்7க்கு 4, 5, இரண்டுக்கும் நடு 9. 6வி6க்கு 2, 7. இஎல்84க்கு 4, 5. ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். மணி அடித்தால் அந்த வால்வு முன்னுக்கு ஆகாது.

கண்ணாடியின் உட்புறத்தில் நீல வெளிச்சம் ஒட்டி நின்றால் பயமில்லை. தகடுகளுக்கு (உயர் வோல்ட் வரும் முனைகளுக்கு) நடுவில் ஊதா மேகம் நின்றால் உள்ளே வாயு இருக்கிறது. புதிதாக வாங்குவதென்றால் சுலோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவில் செய்யப்படும் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் இரண்டும் இந்த அம்ப்களுக்குக் காணும். தபாலில் வருவதால் எதிலும் இரண்டு வாங்கி ஒன்றை வைத்திருங்கள்.

பெரிய வால்வின்ட தகடு சிவக்குது. அப்படித்தான் இருக்குமா?

இல்லை. உடனே அணையுங்கள். தகடு சிவப்பது கரண்ட் கட்டுமீறி ஓடுவதன் அடையாளம். முதல் சந்தேகம் கப்பாசிட்டர் பதிலில் சொன்ன கசிவு. இரண்டாவது, கதோட் ரெசிஸ்டர் அல்லது அதற்குக் குறுக்கே உள்ள 25 மைக்ரோபரட் குறுக்காகியிருப்பது. மூன்றாவது, கிரிட்டைச் சேசியோடு சேர்க்கும் 220 கிலோஓம் விட்டுப்போயிருப்பது.

மூன்றும் சரி என்றால் கணக்குப் போடுங்கள். 6வி6இன் பின் 8இல் 20 வோல்ட், ரெசிஸ்டர் 470 ஓம் என்றால் கரண்ட் 42.5 மில்லிஅம்பியர். ஸ்கிரீனுக்கு (வால்வின் இரண்டாவது கிரிட்) 2.5 கழித்தால் தகட்டுக்கு 40. பின் 3க்கும் பின் 8க்கும் இடையில் 330 வோல்ட் இருந்தால் 13.2 வாட். பழைய பட்டியல்கள் 6வி6க்கு 12 வாட் என்றும், பிந்தியவை 14 என்றும் சொல்கின்றன. இது நடுவில் நிற்கிறது. சாம்ப் அப்படித்தான் ஓடும், ஆனால் அரிய பழைய வால்வு என்றால் ரெசிஸ்டரை 560 ஓமாக்கி ஆறுதல் கொடுங்கள். அந்த ரெசிஸ்டரே ஒரு வாட்டுக்குக் கிட்டச் சூடாகும், 3 அல்லது 5 வாட் போட்டு, கப்பாசிட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். இஎல்84க்குத் தகட்டு எல்லை 12 வாட். அதை மீறவே கூடாது.

உப்புக்காத்தும் மாரி மழையும் இதை என்ன செய்யும்?

வேறு ஊர்க் குறிப்புகளில் இது வராது, இங்கே பாதிப் பிழை இதுதான். கல்லடி, கல்முனை, பொத்துவில் போன்ற இடங்களில் உப்பு வால்வுச் சொக்கெட்டின் பின்பிடிகளில் படிந்து, கார்த்திகை மாரியில் ஈரத்தை இழுக்கும். தகட்டின் பின்னுக்கும் கிரிட்டின் பின்னுக்கும் இடையில் கசிவு உண்டாகி, கடுகு வெடிப்பது போலச் சடசடக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹோலில் தோய்த்த, பல்லிடுக்குக்கு விற்கிற சின்னப் பிரஷ்ஷை ஒவ்வொரு துளையிலும் விட்டெடுங்கள். பிடி தளர்ந்திருந்தால் ஊசியால் உட்புறமாக நெருக்குங்கள். துரு கழற்றும் எண்ணெய் ஸ்பிரே அடிக்க வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது கறுப்பு நார்ப் பலகை. ஈரம் குடித்தால் அதுவே கரண்ட் கடத்தும். அம்பை ஓடவிட்டு, சிவப்பு முனையைப் பலகையின் வெறும் இடத்தில், தகட்டு ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றும் காட்டக்கூடாது. சில வோல்ட் காட்டினால் பலகை நனைந்திருக்கிறது. வோல்ட்டை இறக்கிவிட்டு ஹெயார் டிரையரால் அரை மணித்தியாலம் மிதமாகக் காயவையுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் கிரிட் தொடுப்புகளைப் பலகையிலிருந்து தூக்கி அந்தரத்தில் கட்டலாம், அல்லது கண்ணாடி நார்ப் பலகைக்கு மாற்றலாம்.

கார்பன் ரெசிஸ்டர்களும் ஈரத்தில் மேலே ஏறும். 100 கிலோஓம் 130 காட்டுவது சாதாரணம். 20 வீதத்தைத் தாண்டினதையும் சடசடப்பதையும் மட்டும் ஒரு வாட் மெற்றல் பிலிமாக மாற்றுங்கள். பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள், அதன் சூடே ஈரத்தைத் துரத்தும். பின் பக்கத்தை நெருக்கமான வலையால் மூடினால் பல்லி வராது. பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும், துணி உறையே நல்லது. இடி மின்னல் காலத்தில் பிளக் கழன்றிருக்கட்டும்.

வெள்ளத்துக்குள்ள நின்ற அம்ப் தப்புமா?

ஔட்புட், பவர் இரண்டு டிரான்ஸ்போமரும் தப்பினால் தப்பும். காயும் முன்பே நல்ல தண்ணீரால் சேறையும் உப்பையும் கழுவுங்கள், ஆற்றுவாய்த் தண்ணீர் என்றால் இன்னும் கூடுதலாக. ஸ்பீக்கரையும் எலெக்ட்ரோலிற்றிக்குகளையும் கைவிடுங்கள். வால்வுகள் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் நல்லவை. சேசியை நிழலில் காற்றில் ஒரு கிழமை வைத்து, பிறகு டிரான்ஸ்போமர்களை 60, 70 பாகைச் சூட்டில் நாள்கணக்காகக் காயவிட வேண்டும். மூடிய பெட்டிக்குள் இழை பல்ப் எரியவிட்டாலும் ஆகும். உறுப்புகளைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீசியனின் 500 வோல்ட் மெகரால் (காப்பை அளக்கும் மீற்றர்) ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். பல பத்து மெகாஓம் வராமல் பல்ப் பெட்டிக்கே கொண்டுபோகக்கூடாது.

ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு. எதையும் போடலாமா?

ஸ்பீக்கரின் ஓம் அளவு அம்போடு பொருந்த வேண்டும். மீற்றரில் 3.2 பக்கம் காட்டினால் அது 4 ஓம், 6 பக்கம் காட்டினால் 8 ஓம். 10 வாட்டுக்கு மேல் தாங்கும் கிற்றார் ஸ்பீக்கர் எதுவும் சரி, கார் ஸ்பீக்கரின் தொனி மந்தமாய்ப் போகும். ஸ்பீக்கர் தொடுக்காமல் அம்பைப் போடவே கூடாது. சுமை இல்லாதபோது ஔட்புட் டிரான்ஸ்போமரில் ஆயிரக்கணக்கில் வோல்ட் எழும்பி அதன் காப்பைத் துளைத்துவிடும். சின்னக் கிழிசலை ரைஸ் பேப்பரும் நீரில் கரைத்த வெள்ளைப் பசையும் வைத்து ஒட்டலாம். பின்னால் நான்கு வயர் வரும் பழைய ஸ்பீக்கர் என்றால் நிறுத்துங்கள். அதன் காந்தமே ஒரு சுருள், எச்டி அதனூடாகத்தான் ஓடும். அதைச் சாதாரண ஸ்பீக்கராக மாற்ற, அந்தச் சுருளுக்குப் பதில் ரெசிஸ்டரோ சோக்கோ கணக்குப் பார்த்து வைக்க வேண்டும்.

வீட்டில 240க்கு மேல வருது. ஜெனரேட்டர், இன்வேர்ட்டர் எல்லாம் ஒத்துவருமா?

220 வோல்ட்டுக்குச் சுற்றிய அம்பில் 240 வந்தால் இழைக்கு 6.3 அல்ல, 6.87 வோல்ட் போகும். எல்லை 6.9. அளந்து பார்த்து 6.7க்கு மேல் என்றால் 12 வோல்ட் 2 அம்பியர் டிரான்ஸ்போமர் ஒன்றின் வெளிச்சுற்றை லைவ் வயரில் எதிர்த்துத் தொடரும்படி கட்டுங்கள், 12 வோல்ட் குறையும். அம்பைத் தொடுக்க முன் அளந்து பாருங்கள். குறையாமல் கூடியிருந்தால் வெளிச்சுற்றின் இரு வயரையும் மாற்றுங்கள். ஜெனரேட்டரை முதலில் அளந்து, 250ஐத் தாண்டினால் தொடுக்க வேண்டாம். மலிவு இன்வேர்ட்டரின் சதுர அலையில் டிரான்ஸ்போமர் உறுமும், சூடாகும். சுத்தமான சைன் அலை இன்வேர்ட்டர் மட்டும் சரி.

ஔட்புட் டிரான்ஸ்போமர் மாத்தின பிறகு கீச்சிடுது. புதுச் சாமான் பிழையா?

சாமான் நல்லது, திசைதான் பிழை. ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோஓம் வழியாக முன் வால்வுக்குத் திரும்பும் வயர் ஒன்று இருக்கும். சுற்று மாறிப் பூட்டினால் அது சத்தத்தை அடக்குவதற்குப் பதில் ஊட்டி வளர்க்கும். அந்த வயரை ஒரு பக்கம் கழற்றிப் பாருங்கள். கீச்சு நின்றால் தகட்டுக்கும் எச்டிக்கும் போகும் இரு வயரையும் இடம் மாற்றுங்கள். நிற்காவிட்டால் கிரிட் வயரும் தகட்டு வயரும் அருகருகே ஓடுகின்றன. மரக்குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

வரைபடம் இல்லை, கட்டினவரும் இல்லை. எங்க இருந்து தொடங்குற?

ஒரு வயரும் வெட்டும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு வால்வுப் பின்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வயரையும் வரையுங்கள். 12ஏஎக்ஸ்7இல் 1உம் 6உம் தகடு, 2உம் 7உம் கிரிட், 3உம் 8உம் கதோட். வரைந்ததைச் சாம்ப் 5எப்1 வரைபடத்தோடு ஒப்பிட்டால் கட்டியவர் எங்கே வேறு வழி போயிருக்கிறார் என்று தெரியும். எல்லா வேற்றுமையும் பிழை அல்ல. 1.5 கிலோஓமுக்குப் பதில் 2.2 போட்டிருந்தால் அவர் காதுக்கு அது பிடித்திருக்கலாம். பாதுகாப்புக்கு வேண்டியதை மாற்றுங்கள், தொனிக்கு வைத்ததை விடுங்கள். கழற்றிய உறுப்புகளை ஒரு பைக்குள் போட்டு, மாற்றிய திகதியையும் பெறுமதியையும் எழுதி, பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். அடுத்து திறப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதுதான் வேண்டும்.

ஹோல்ல சத்தம் காணாது. 6வி6ஐ எடுத்துப்போட்டு 6எல்6 போட்டால்?

பின்கள் பொருந்தும், அதுதான் ஆபத்து. 6வி6இன் இழை 0.45 அம்பியர், 6எல்6 அதன் இரு மடங்கு, 0.9 அம்பியர் இழுக்கும். சின்னப் பவர் டிரான்ஸ்போமர் அதைத் தாங்காது. 5வை3ஐ எடுத்து டயோட் போடுவதும் அப்படித்தான். எச்டி 50 வோல்ட் பக்கம் ஏறி, மேலே போட்ட தகட்டுக் கணக்கு முழுதும் கெட்டுவிடும். அம்பை ஒரு கதிரையில் ஏற்றி, டைனமிக் மைக் ஒன்றை ஸ்பீக்கர்த் துணிக்கு இரண்டு விரல் தூரத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்து, ஹோலின் சவுண்ட் செற்றுக்குக் கொடுங்கள்.